சிரிப்புக்குக் கட்டம் இல்லாத படிவம்

தைவானின் குடியரசு ஆண்டு நூற்றெட்டு, உலகக் கணக்கில் 2019, மார்ச் திங்கள் பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் ஒன்பது மணி பத்து நிமிடம். தைபேயில் தூறல், வெப்பம் பதினேழு பாகை, காற்று வடகிழக்கிலிருந்து. இவ்விவரங்கள் அனைத்தும் ஒலி ஒளி மரபுக் காப்பகத்தின் வருகைப் பதிவேட்டில் பிழையின்றிக் காணப்படுகின்றன. வந்தவரின் பெயர் மட்டும் பிழையாக உள்ளது.

வந்தவர் து கிம்ஹோ, வயது அறுபத்தொன்று. தெற்கே, தாய்னான் கடற்கரையில் சிப்பி வளர்க்கும் லியோகாங் என்ற ஊரினர். கோயில் விழாக்களில் தெய்வங்களுக்குப் படம் காட்டுவது அவர் தொழில். சிறு லாரியில் திரையையும் எந்திரத்தையும் ஏற்றிச் சென்று, கருவறைக்கு எதிரே திரையைக் கட்டி, மாலையில் படம் ஓட்டுவார். மனிதர்கள் வந்தாலும் ஓடும், வராவிட்டாலும் ஓடும். பார்வையாளர் உள்ளே அமர்ந்திருக்கிறார். இடையில் எழுந்து போகும் வழக்கம் அவருக்கு இல்லை.

அன்று கிம்ஹோவின் கையில் மீன் கொண்டுசெல்லும் தெர்மாகோல் பெட்டி ஒன்று இருந்தது. அதனுள் பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே ஒரு படச்சுருள். வாயிற்காவலர் முகர்ந்து பார்த்து, “சாப்பாட்டுக்கு உள்ள அனுமதி இல்ல” என்றார்.

“சாப்பாடு இல்லப்பா. படம்.”

“வினிகர் வாடை வருதே.”

“அதனாலதான் கொண்டாந்திருக்கேன்.”

பழைய படச்சுருள்கள் கெடத் தொடங்கும்போது வினிகர் வாடை அடிக்கும். பிறகு சுருங்கும், பிறகு ஒட்டிக்கொள்ளும், பிறகு அவற்றை எவரும் படம் என்று அழைப்பதில்லை. பெட்டியில் இருந்தது, குடியரசு ஐம்பத்து நான்காம் ஆண்டு எடுக்கப்பட்ட ‘துறைமுகத்தில் மூன்று குடைகள்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தின் முதற்சுருள். மொத்தம் ஒன்பது சுருள்கள். தைவான் மொழியில் பேசும் படம். உலகில் வேறு பிரதி இல்லை. இச்செய்தியைக் கிம்ஹோவுக்குத் தெரிவித்ததே காப்பகம்தான். அதன் இணையப் பக்கத்தில் அப்படம் ‘அழிந்துபோனவை’ என்ற தலைப்பின் கீழ் இருந்தது. ஆண்டுதோறும் தாம் ஓட்டும் படம் அழிந்துபோனது என்பதை அறிந்து கிம்ஹோ சற்றுத் திகைத்தார். பிறகு வாடையை முகர்ந்து, அவர்கள் சற்று முன்கூட்டிச் சொல்லிவிட்டார்கள், அவ்வளவே என்று தேறினார்.

வரவேற்பு மேசையில் செல்வி பெங் என்ற இளம் அலுவலர் இருந்தார். சுருளோடு ஒரு சோதனைத் தாளை மூடிவைத்து எடுத்தார். நல்ல படத்தில் அத்தாள் நீலமாகவே இருக்கும், கெட்டது பச்சை, மிகக் கெட்டது மஞ்சள்; நிறத்தை வைத்துக் கேட்டின் அளவை எண்ணாகச் சொல்வார்கள்.

“ஒண்ணு புள்ளி அஞ்சு, மாமா.”

“அப்படின்னா?”

“ரெண்டு வந்தாத்தான் அவசர மீட்புல எடுத்துக்குவோம். அதுவரைக்கும் இது ஆரோக்கியமான படம்.”

“ரெண்டைத் தாண்டிட்டா?”

“தாண்டிட்டாத் தொத்து. மத்த படத்துக்குப் பரவிடும். கிடங்குக்குள்ள விடமாட்டாங்க.”

கிம்ஹோ இதை மனத்துக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

“அப்ப சரியா ரெண்டு இருக்கிற அன்னிக்குக் கொண்டாரணும்.”

“ஆமா. அது வேலை நாளாவும் இருக்கணும்.”

“பதம் பார்த்துப் பறிக்க இது என்ன மாம்பழமா, பொண்ணு?”

“மாம்பழத்துக்கு இவ்வளவு படிவம் கிடையாது மாமா” என்று கூறிய பெங், ஏழாம் படிவத்தை எடுத்து வைத்தார்.

ஏழாம் படிவத்தின் முதற்கேள்வி: உரிமையாளர் யார்? கிம்ஹோ பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு பற்றுச்சீட்டை எடுத்தார். குடியரசு ஐம்பத்தாறாம் ஆண்டில், புயலில் பிழைத்துக் கரைசேர்ந்த படகுக்காரர் ஒருவர், ஊர் ஊராகப் படம் காட்டிவந்த ஒரு குழுவிடமிருந்து இப்படத்தை வாங்கித் தம் தெய்வத்துக்குக் காணிக்கையாக்கினார். சீட்டில் தெளிவாக எழுதியிருந்தது: ‘வாங்கியவர்: லியோகாங் கோயில் மூன்றாம் அரசர்.’ தெய்வத்தின் பெயரில் நிலம் உண்டு, குளம் உண்டு, கோயில் வாசலில் நிற்கும் லாரியும் உண்டு. படமும் அவ்வாறே அவருடையது. கிம்ஹோ அதைப் பாதுகாப்பவர், ஓட்டுபவர், அவ்வளவே.

இலக்கணப்படி தேவர் உயர்திணை. இதில் கருத்து வேறுபாடு இல்லை. காப்பகத்தின் கணினியிலோ திணைகள் மூன்று: தனிநபர், நிறுவனம், அறியப்படாத உரிமையாளர். தனிநபர் என்றால் அடையாள எண் கேட்டது. நிறுவனம் என்றால் பதிவு எண் கேட்டது. பெங் மூன்றாவதன்மேல் விரலை வைத்தார்.

“அதைத் தட்டாத” என்றார் கிம்ஹோ. “அறியப்படாதவரா? எங்க ஊர்ல பொறந்த புள்ளைக்குக்கூட அவரைத் தெரியும்.”

“சும்மா ஒரு வசதிக்குத்தான் மாமா.”

“தட்டினா என்ன ஆகும்?”

பெங் நேர்மையான பெண். “முப்பது நாள் அறிவிப்பு போடுவோம். யாரும் வரலேன்னா படம் காப்பகத்துக்குச் சொந்தம்.”

கிம்ஹோ உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெட்டியை மூடினார். பனிக்கட்டி உருகத் தொடங்கியிருந்தது.

ஒன்பதாம் நாள் காப்பகத்தின் முதற்கடிதம் லியோகாங் வந்துசேர்ந்தது. கோயில் குழுவின் தலைவி லியாவ் சூஹுவா, சிப்பி உடைக்கும் கத்தியாலேயே உறையைக் கிழித்து, பீடத்தின் முன் நின்று உரக்கப் படித்தார்:

‘மதிப்பிற்குரிய திரு. மூன்றாம் அரசர் அவர்களுக்கு. தங்கள் படைப்பு தொடர்பாகத் தாங்கள் அடையாள அட்டையின் இரு புறப் பிரதிகளுடன் அலுவலக நேரத்தில் நேரில் வருமாறு கேட்டுக்கொள்கிறோம். தவறினால் தங்களுக்கு இதில் அக்கறை இல்லை எனக் கருதப்படும்.’

“டேய் கிம்ஹோ, அரசர் ஐயாவைத் திருவாளர்னு போட்டிருக்கான்டா.”

“பதவி தெரியாம இருக்கும், அக்கா.”

“அக்கறை இல்லையாமே! இருநூறு வருஷமா இந்தக் கடலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவருக்கா?”

கிம்ஹோ பணிவுடன் பதில் எழுதினார். மூன்றாம் அரசர் வெளியே செல்வதாயின் பல்லக்கில், எட்டுப் பேர் சுமக்க, முன்னே தாளமும் பின்னே வெடியுமாகத்தான் செல்வது மரபு. காப்பகத்தில் அதற்கு இடவசதி உண்டா என்று கேட்டார். அவர் கேலியாக எழுதவில்லை. காப்பகமும் அதைக் கேலியாகக் கொள்ளவில்லை. நிலத்தடி நிறுத்துமிடத்தின் உயரம் இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர். பல்லக்கு அதற்குள் அடங்கவேண்டும். கட்டடத்தில் எரியும் தன்மையுள்ள படங்கள் இருப்பதால் வெடிக்கு அனுமதி இல்லை. தாளம், அருகிலுள்ள ஒலிப்பதிவுக் கூடத்தின் முன் அனுமதியோடு, எழுபது டெசிபலுக்குள் இருக்கலாம். எட்டுச் சுமப்போருக்கும் வருகையாளர் அட்டை வழங்கப்படும்.

கோயில் பல்லக்கின் உயரம் இரண்டு மீட்டர் நாற்பது. இவ்வாறு ஏப்ரல் கழிந்தது.

பிறகு பெங் தொலைபேசியில் ஒரு வழி சொன்னார். நடமாட இயலாத முதிய உரிமையாளர்களின் இல்லத்துக்கே அலுவலர் சென்று ஒப்புதல் பெற, பத்தொன்பதாம் படிவம் உண்டு. கிம்ஹோ அதை உண்மை பிறழாமல் நிரப்பினார். நடமாட இயலாமையின் காரணம்: மரத்தால் ஆனவர். எத்தனை காலமாக: இருநூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள். முன்னேற்றத்துக்கு வாய்ப்பு: இல்லை. மருத்துவர் கையொப்பம்: சென்ற ஆண்டு அவரது இடக்கையைப் பழுதுபார்த்த சிற்பியுடையது. காப்பகம் இரண்டே நாளில் அனுமதி அளித்தது. காப்பகத்தின் வரலாற்றில் இது ஒரு சாதனை என்று பின்னர் அறியப்பட்டது.

மே இருபத்திரண்டாம் நாள் பெங் ஒரு பெட்டி அன்னாசி இனிப்புடன் வந்திறங்கினார். படைத்து வணங்கிவிட்டு, முதலில் சோதனைத் தாளைப் பார்த்தார். பார்த்தவர் துள்ளினார்.

“ரெண்டு! மாமா, சரியா ரெண்டு! இன்னிக்கு வேலை நாள்!”

“அப்ப இன்னிக்கே கேட்டுருவோம்” என்றார் சூஹுவா.

தெய்வத்திடம் கேட்கும் முறையில் குழப்பம் ஏதும் இல்லை. பிறை வடிவில் மரக்கட்டைகள் இரண்டு. ஒருபுறம் தட்டை, மறுபுறம் உருண்டை. கேள்வியைச் சொல்லித் தரையில் போடவேண்டும். ஒன்று தட்டையும் ஒன்று உருண்டையுமாக விழுந்தால் ஒப்புதல். முக்கியமான காரியத்துக்கு அது மூன்று முறை தொடர்ந்து வரவேண்டும். இரண்டும் கவிழ்ந்து விழுந்தால் மறுப்பு. இரண்டும் மல்லாந்து, உருண்டை முதுகின்மேல் அசைந்தாடினால் தெய்வம் சிரிக்கிறது. சிரித்தால், கேள்வி சரியில்லை, திருத்திக் கேள் என்று பொருள். இது ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

பெங் மண்டியிட்டு, படிவத்தில் அச்சிட்டிருந்தபடியே படித்தார்: “கீழ்க்காணும் பொருளையும், அதன் உருவம், ஒலி, நிழல் ஆகியவற்றின் மீதான எல்லா உரிமைகளையும், இப்போது உள்ளனவும் இனிக் கண்டுபிடிக்கப்படவுள்ளனவுமான அனைத்து ஊடகங்களுக்கும், காலவரையறையின்றித் திரும்பப் பெறவியலாத வகையில் காப்பகத்துக்கு வழங்க முழுமனத்துடன் சம்மதிக்கிறேனா?”

கட்டைகள் விழுந்தன, மல்லாந்தன, ஆடின.

“சிரிக்கிறாரு” என்றார் சூஹுவா.

மறுபடி போட்டார். மறுபடியும் ஆடின. மூன்றாம் முறை, ஆடி நிற்பதற்கே வெகுநேரம் ஆயிற்று.

பெங் படிவத்தைப் பார்த்தார். அதில் கட்டங்கள் இரண்டு: ஆம், இல்லை.

“இதுக்குக் கட்டமே இல்லையே மாமா.”

“ஓரத்துல எழுதிக்கயேன்.”

ஓரத்தில் எழுதக் கூடாது என்பது அடிக்குறிப்பு. ஆயினும் பெங், பென்சிலால், ‘சிரித்தார் (மும்முறை)’ என்று எழுதினார்.

கிம்ஹோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தைக் கையில் வாங்கினார். “இந்தப் பதினாலாவது பிரிவு என்ன சொல்லுது? வருஷா வருஷம் அரசர் ஐயா பொறந்தநாளுக்கு இதைத்தானே ஓட்டுறேன்.”

“ஓட்டலாம் மாமா. அறுபது நாள் முன்னாடி விண்ணப்பிக்கணும். பார்வையாளர் பத்துப் பேராவது இருக்கணும்.”

“அரசர் ஐயா ஒருத்தர் போதாதா?”

“மனுஷங்களா இருக்கணும்.”

“அது சரி. இங்க, மொழிங்கிற எடத்துல, ‘வட்டார வழக்கு’ன்னு நீங்களே அடிச்சு வெச்சிருக்கீங்க?”

பெங் குனிந்து அந்தச் சொல்லைப் பார்த்தார். அவரும் தெற்கத்திப் பெண். வந்ததிலிருந்து இருவரும் அந்த வட்டார வழக்கில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஒண்ணு சொல்றேன் கேளு. நான் மூணாங்கிளாஸ் படிக்கையில, இந்தப் படத்துல அந்தக் குடை விக்கிறவன் பேசுற வசனத்தை வகுப்புல சொல்லிட்டேன். அப்பப் பள்ளிக்கூடத்துல அரசாங்கம் வெச்ச நாட்டு மொழிதான் பேசணும், நம்ம பேச்சு கூடாது. கழுத்துல பலகை மாட்டினாங்க. ‘நான் நாட்டு மொழி பேசமாட்டேன்னு சொன்ன கெட்ட பையன்.’ ரெண்டு நாள் மாட்டிக்கிட்டே வீட்டுக்குப் போனேன். அந்த வருஷம் திருவிழாவுல, மொத்த ஊரும் உட்கார்ந்திருக்க, அதே வசனம் இம்மாம் பெரிய திரையில சத்தமாக் கேட்டுது. எவனாலயும் அதுக்குப் பலகை மாட்ட முடியல. அது அழியக் கூடாதுன்னுதான் உங்க வாசலுக்கு வந்தேன். உங்களுக்கே எழுதிக் கொடுத்துட்டுப் போறதுக்கு இல்ல.”

“புரியுது மாமா” என்றார் பெங். “எனக்குப் புரியுது. ஆனா நான் வெறும் பத்தொன்பதாம் படிவம்தான்.”

சிரிப்பின் பொருளை ஆராய, காப்பகம் ஜூன் திங்களில் ஒரு குழு அமைத்தது. ‘தெய்விகச் சிரிப்பின் சட்டப்பொருள் விளக்கக் குழு’ என்பது அதன் பெயர். மூன்று முறை கூடியது. சிரிப்பு மறுப்பு அன்று; மறுப்பல்லாதது ஒப்புதலே என்றார் சட்ட ஆலோசகர். சிரிப்புக்கும் புன்னகைக்கும் வேறுபாடு உண்டு, அலுவலர் அதை அளக்கவில்லை என்றார் மற்றோர் உறுப்பினர். இருநூறு ஆண்டுக்கால வரலாறுடைய ஒரு சிரிப்பு எவ்வித ஒலிப்பதிவுமின்றி நிகழ்ந்தேறியது மரபுக்குப் பேரிழப்பு என்று ஒலிப்பிரிவுத் தலைவர் கண்கலங்கினார். அது குறிப்பில் ஏற்றப்பட்டது. படிவத்தில் மூன்றாவது கட்டம் சேர்க்கலாமே என்று பெங் கேட்டார். சேர்க்கலாம், அமைச்சகத்தின் ஒப்புதல் பெறப் பதினெட்டு மாதம் ஆகும் என்று விடை வந்தது. ஓரத்தில் பென்சிலால் எழுதியமைக்காக அவரிடம் விளக்கமும் கேட்கப்பட்டது.

இதற்குள் படம் இரண்டு புள்ளி இரண்டாகிவிட்டது.

அவ்வாண்டு மூன்றாம் அரசரின் பிறந்தநாள் ஜூலை இருபது, சனிக்கிழமை. நண்பகலில், வெடிப்புகைக்கு நடுவே ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. காப்பகத்தின் இயக்குநர் முனைவர் யென் போலுன் இறங்கினார். பின்னாலேயே சட்ட ஆலோசகர் உட்படக் குழு உறுப்பினர் இருவரும், சோதனைத் தாள்களுடன் பெங்கும். இயக்குநரின் கையில் ஒரு மரப்பேழை. அதனுள், அரசு ஆய்வகத்தில் எடை சரிபார்க்கப்பட்டுச் சான்று ஒட்டப்பட்ட இரண்டு புதிய பிறைக்கட்டைகள்.

ஊரார் அவருக்கு நாற்காலி போட்டார்கள். சிப்பி ஆம்லெட் தந்தார்கள். அவர் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கி, நாட்டு மொழியில் உரையாற்றினார்:

“பெரியோர்களே, எங்கள் காப்பகம் முப்பது ஆண்டுகளில் ஒரு படத்தையேனும் இழந்ததில்லை. இழக்கக்கூடிய நிலையிலுள்ள எதையும் நாங்கள் ஏற்பதில்லை என்பதே இவ்வெற்றியின் அடிப்படை. எங்கள் கிடங்கு ஆசியாவிலேயே தூய்மையானது. அதனுள் எதுவும் எளிதில் நுழைந்துவிட முடியாது. ‘துறைமுகத்தில் மூன்று குடைகள்’ என்ற இந்த அரிய படத்தை நாங்கள் ஏற்கெனவே மீட்டுவிட்டோம் என்பதைப் பெருமையுடன் தெரிவிக்கிறேன். எங்கள் ஆண்டறிக்கையின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அது உள்ளது. அக்டோபர் விழாவில் அமைச்சர் அதைத் தொடங்கிவைக்கிறார், அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. இப்போது எஞ்சியிருப்பது படம் மட்டுமே.”

கூட்டம் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒருவர், “அப்ப நாங்க வருஷா வருஷம் பார்த்தது என்னது?” என்று கேட்டார்.

இயக்குநர் பீடத்தின் முன் நின்றார், மண்டியிடவில்லை. சான்று பெற்ற கட்டைகளை எடுத்து, திருத்தப்பட்ட கேள்வியைப் படித்தார். திருத்தத்தில் அது இன்னும் நீண்டிருந்தது. மூன்று உட்பிரிவுகளும் ஒரு நிபந்தனைத் தொடரும் இருந்தன. வினைமுற்று எங்கும் இல்லை. கட்டைகள் விழுந்தன, ஆடின. இரண்டாம் முறை ஆடின. ஐந்தாம் முறை ஆடியபோது பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள். ஒன்பதாம் முறை ஒரு கட்டை ஆடிக்கொண்டே நகர்ந்து, இயக்குநரின் காலணியின் மேல் ஏறி நின்றது.

“விழுந்து விழுந்து சிரிக்கிறாரு” என்றார் சூஹுவா.

இயக்குநர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “கட்டைகளில் கோளாறு இருக்கலாம்.”

“சான்று ஒட்டியிருக்கே சார்” என்றார் பெங்.

அப்போதுதான் எல்லாரும் கிம்ஹோவைக் கவனித்தார்கள். அவர் வாசலில் எந்திரத்தருகே இருந்தார். திரை கட்டியாயிற்று. முதற்சுருள் எந்திரத்தின் மேற்கையில் ஏறியிருந்தது. வினிகர் வாடை ஊதுவத்தியை மீறி வந்தது.

பெங் ஓடிச்சென்று தாளைப் பார்த்தார். “மாமா, ரெண்டு புள்ளி நாலு! சுருங்கிப் போயிருக்கு. ஓட்டினா ஓரத்துளை எல்லாம் கிழிஞ்சிரும். ஒரு தடவைகூட முழுசா ஓடாது.”

“தெரியும்.”

“அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது!”

“அதுவும் தெரியும்.” கிம்ஹோ குரலை உயர்த்தவில்லை. “இன்னிக்கு அரசர் ஐயா பொறந்தநாள். அவரு படம், அவரு பார்ப்பாரு. இருட்டினதும் ஓட்டுவேன். மிச்சம் இருக்கிற துண்டை இயக்குநர் ஐயா எடுத்துக்கிட்டுப் போய் அந்த நாற்பத்தொண்ணாம் பக்கத்துல ஒட்டிக்கட்டும்.”

சூஹுவா அருகில் வந்து, உதடு அசையாமல் கேட்டார்: “டேய், நெசமாவே ஓட்டிருவியா?”

“தெரியல அக்கா.”

“கை நடுங்குதுடா உனக்கு.”

“நீ மறைச்சு நில்லு.”

சூஹுவா மறைத்து நின்றார். அதற்கு ஏற்ற உடல்வாகு அவருக்கு இருந்தது.

இயக்குநர் வெளியே வந்தார். அவர் முகத்தில் அமைச்சர் தெரிந்தார், அழைப்பிதழும் தெரிந்தது. “திரு. து, நிதானமாக இருங்கள். உரிமையை மாற்றிக் கொடுத்தால், தொற்று விதிக்கு நாங்கள் விலக்கு அளிப்போம்.”

“விலக்கு இருக்கா?”

“தனிமைப்படுத்தும் அறை ஒன்று உண்டு.”

“மார்ச் மாசம் இல்லையே?”

“இருந்தது. அதில் ஆண்டறிக்கைகளை அடுக்கி வைத்திருக்கிறோம்.”

கிம்ஹோ எந்திரத்தின் விளக்கைப் போட்டார். வெற்று வெளிச்சம் திரையில் விழுந்தது. பகல் என்பதால் அது மங்கலாகத்தான் தெரிந்தது; ஆயினும் இயக்குநருக்கு அது போதுமானதாக இருந்தது. இருபத்தாறு ஆண்டு அலுவலக வாழ்வில் முதன்முறையாக அவர் வாயில் தாய்மொழி வந்தது.

“ஐயையோ, அண்ணே, ஓட்டிராதீங்க!”

பின்வரிசையினர் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

“அட, நம்ம பேச்சு வருதே உங்களுக்கு” என்றார் கிம்ஹோ. “இதை மொதல்லயே பேசியிருந்தா மார்ச்சுலயே முடிஞ்சிருக்கும்.”

அவர் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே சென்றார். கையைக் கழுவினார், துடைத்தார், மறுபடி கழுவினார். கோயிலின் பழைய கட்டைகளை எடுத்து மண்டியிட்டார். கேள்விகள் சிறியவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வினைமுற்று இருந்தது.

“அரசர் ஐயா, இந்தப் படம் பிழைக்கணுமா?”

ஒன்று தட்டை, ஒன்று உருண்டை. மூன்று முறையும்.

“இவங்களுக்கே சொந்தமாக் கொடுத்துரட்டுமா?”

இரண்டும் கவிழ்ந்தன. இம்முறை ஆடவே இல்லை.

“உங்க பேரு மாறாம, இவங்க கொண்டுபோய்ச் சுத்தம் பண்ணித் திருப்பிக் கொண்டாரட்டுமா?”

ஒப்புதல். ஒப்புதல். மூன்றாம் முறை ஒரு கட்டை விளிம்பில் நின்று யோசித்தது. கிம்ஹோ மூச்சை அடக்கிக்கொண்டார். பெங் கண்ணை மூடிக்கொண்டார். இயக்குநர், தம்மையறியாமல், மண்டியிட்டிருந்தார். கட்டை சாய்ந்தது. ஒப்புதல்.

“இதற்குப் படிவம் இல்லையே” என்றார் சட்ட ஆலோசகர்.

“நான் எழுதுறேன்” என்றார் கிம்ஹோ.

நான்கு மாதங்களில் காப்பகம் லியோகாங்குக்கு அனுப்பிய கடிதங்கள் பதினேழு. ஒரு மொழியைக் கற்றுக்கொள்ள அது போதும். சூஹுவா மஞ்சள் தாளை விரித்தார். கிம்ஹோ தூரிகையால், திருத்தம் ஏதுமின்றி, ஒரே மூச்சில் எழுதினார்:

‘பார்வை: ஒலி ஒளி மரபுக் காப்பகத்தின் விண்ணப்பம். பொருள்: ஒன்பது சுருள்கள். விண்ணப்பம் ஆய்வுசெய்யப்பட்டது. விண்ணப்பதாரரின் நிலை அவசர மீட்புக்கு உரியதாகக் காணப்பட்டமையால், கீழ்க்காணும் நிபந்தனைகளுடன் ஏற்கப்படுகிறது.

ஒன்று: சுருள்கள் இன்றே எடுத்துச் செல்லப்பட்டு, தனியறையில் வைக்கப்படவேண்டும். அவ்வறையில் தற்போது உள்ளவற்றை எங்கு வைப்பது என்பது விண்ணப்பதாரரின் விருப்பம்.

இரண்டு: உரிமையாளர் மாறார்.

மூன்று: செப்பனிட்ட படத்தின் முதற்காட்சி லியோகாங் கோயில் வாசலில். அமைச்சர் வரலாம்; அவர் கருவறையை மறைத்து அமரக் கூடாது.

நான்கு: மொழி என்ற இடத்தில் மொழியின் பெயர் எழுதப்படவேண்டும்.

ஐந்து: இப்பணிக்குச் செல்வி பெங் பொறுப்பாளர். அவரிடம் கேட்கப்பட்ட விளக்கம் கைவிடப்படவேண்டும்; அவர் எழுதியது உண்மை.

ஆறு: இம்முடிவின் மீதான மேல்முறையீடு விண்ணுலகப் பேரரசரிடம். கால வரம்பு இல்லை.’

சூஹுவா அரசரின் முத்திரையைச் சிவப்பு மையில் தோய்த்து, உரிமையாளர் என்ற இடத்தில் அழுத்தினார். அதன் கீழே, விண்ணப்பதாரர் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

இயக்குநர் ஆறு நிபந்தனைகளையும் இருமுறை படித்தார். வாசலில் உறுப்பினர்கள் இருவரும், எவரும் சொல்லாமலே, தெர்மாகோல் பெட்டிகளில் பனிக்கட்டி நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பெங் முதற்சுருளை எந்திரத்திலிருந்து இரு கைகளாலும் இறக்கிக்கொண்டிருந்தார்.

“இந்த மேல்முறையீடு…” என்று தொடங்கினார் இயக்குநர். “அதை எங்கே, எப்படி…?”

“அவசரம் ஒண்ணும் இல்லைங்க” என்றார் சூஹுவா. “எல்லாரும் எப்படியும் ஒருநாள் அங்க போறவங்கதானே. அப்பப் பார்த்துக்கலாம். இப்பக் கையெழுத்துப் போடுங்க.”

அவர் போட்டார். சூஹுவா மை காயும்வரை ஊதி, தாளை நான்காக மடித்து, முடிவை விண்ணப்பதாரரின் கையில் கொடுத்தார்.